ஆவாரம் பட்டையும் ஆக்ஸ்போர்டு ஷூவும்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன சந்திப்பில் போர்வெல்லைப் பற்றிக் கேட்டோம். அதற்கு முந்தைய முறை மாடித்தோட்டம். இந்த முறை, “உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்” என்றார் செயலாளர். எனக்குத் தெரிந்தது ஷூ. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ தொழிற்சாலைகளில் இருபத்தெட்டு வருஷம் தரம் பார்க்கும் வேலையில் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவன் நான். “அருப்புக்கோட்டைக்காரனுக்கு ஷூ எதற்கய்யா? இந்த வெயிலில் செருப்பே கனக்கிறது” என்று என் சொந்தக்காரர்களே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

நான் பேசப் போவது ஓடுவதற்குப் போடும் ஷூவைப் பற்றி அல்ல. கோட்டு சூட்டோடு போடுகிற, கறுப்பிலோ பழுப்பிலோ பளபளவென்று இருக்கிற, கயிறு கட்டும் ஆங்கிலேய பாணித் தோல் ஷூவைப் பற்றி. கோர்ட்டில் வக்கீல்கள் போடுவது, மாப்பிள்ளை வரவேற்பில் போடுவது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போடுவது எல்லாம் இந்தக் குடும்பம்தான். நூறு வருஷத்துக்கு மேலாகியும் இதன் வடிவம் பெரிதாக மாறவில்லை. சட்டைக் காலர் மாறியது, பேன்ட் அகலமாகிச் சுருங்கி மறுபடி அகலமாகிவிட்டது. இந்த ஷூ மட்டும் அப்படியே நிற்கிறது. ஏன்?

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்வோம். கயிறு கோக்கும் இரண்டு பக்கத் தோலும் முன்பக்கத் தோலுக்கு அடியில் போய் மூடித் தைத்திருந்தால் அது ஆக்ஸ்போர்டு. அந்த இரண்டு பக்கமும் மேலே தனியாகத் திறந்து நின்றால் அது டெர்பி. கால் அகலமானவர்களுக்கு டெர்பிதான் வசதி. தோலில் பூவேலை மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டிருந்தால் அது புரோக். அயர்லாந்து, ஸ்காட்லாந்துச் சதுப்பு நிலத்தில் நடந்தவர்களின் ஷூவுக்குள் புகுந்த தண்ணீர் வெளியேறவே அந்த ஓட்டைகளைப் போட்டார்கள் என்று சொல்வார்கள். நம்மூரில் குண்டாற்றில் எப்போது தண்ணீர் வரும் என்று காத்திருக்கிறோம். அந்த ஓட்டை நமக்கு வெறும் அலங்காரம்தான்.

கடையில் ‘எட்டாம் நம்பர் கொடுங்கள், ஒன்பதாம் நம்பர் கொடுங்கள்’ என்று கேட்கிறோமே, அதுவும் பிரிட்டிஷ் கணக்கு. மூன்று வாற்கோதுமை மணிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம் என்பது இங்கிலாந்தின் பழைய அளவு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆங்கிலேயர் போய் இத்தனை காலமாகியும் நாம் நம் பாதத்தை அவர்கள் ஊர்த் தானியத்தால் அளந்துகொண்டிருக்கிறோம். சென்னை அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அண்மையில் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து, இந்தியர்களுக்கென்று ‘பா’ என்ற தனி அளவு முறையைத் தயாரித்திருக்கிறது. நம் பாதம் பொதுவாக முன்பக்கம் அகலம். அந்த அகலத்துக்கு இடம் போதாமல்தான் பலர் நீளத்தில் ஒரு நம்பர் கூட்டி வாங்கி, குதிகாலில் ஷூ கழன்று கழன்று வர நடக்கிறோம்.

சரி, இந்த ஷூவின் சொந்த ஊர் எது? இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் நார்தாம்டன். அந்த ஊர்க் கால்பந்து அணிக்கே ‘செருப்புத் தைப்பவர்கள்’ என்றுதான் செல்லப்பெயர். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இதை மட்டும் மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும். சர்ச்சஸ் கம்பெனி அங்கே 1873இல் தொடங்கியது. கிராக்கெட் அண்டு ஜோன்ஸ் 1879இல். பக்கத்துத் திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்ததும் அதே 1879தான். அங்கே ஷூவுக்கு ஒரு கம்பெனி பிறந்த வருஷம், இங்கே கௌபீனத்தோடு வெறுங்காலில் வாழப்போகிற ஒருவர் பிறந்தார்!

நார்தாம்டன் ஷூவின் ரகசியம் பளபளப்பில் இல்லை, தையலில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மேல்தோலின் ஓரம், காலுக்கு நேர் அடியில் இருக்கும் உள்ளடி, ஷூவைச் சுற்றி வரும் குறுகலான ஒரு தோல் பட்டை, இந்த மூன்றையும் சேர்த்து ஒரு தையல் போடுவார்கள். அந்தப் பட்டைக்குப் பெயர் வெல்ட். நடுவில் இருக்கும் பள்ளத்தில் கார்க் தூளை நிரப்புவார்கள். பிறகு வெல்ட்டையும் தரையில் படும் வெளியடியையும் சேர்த்து இரண்டாவது தையல். வெளியடி நேரடியாக மேல்தோலோடு ஒட்டியிருக்காது, வெல்ட்டோடு மட்டும்தான் தைத்திருக்கும். அதனால் அடி தேய்ந்துவிட்டால் இரண்டாவது தையலை மட்டும் பிரித்துப் பழைய அடியைக் கழற்றிவிட்டுப் புது அடி போடலாம். மேலே ஒரு கீறல் விழாது. முன்பு இதைக் கையால் தைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் ஜூனியர் கொண்டுவந்த இயந்திரம் அந்த வேலையை எளிதாக்கியது. ரப்பரைப் பதப்படுத்தக் கண்டுபிடித்த குட்இயரின் மகன் அவர். இயந்திரம் வந்த பிறகும்கூட ஒரு ஜோடிக்குச் சுமார் 200 வேலைகள், எட்டு வாரம் ஆகிறது என்று நார்தாம்டன் பட்டறைகள் சொல்கின்றன.

இப்போது நம் வீட்டு ஷூவைப் பாருங்கள். மகன் கல்யாணத்துக்கு வாங்கி, நாலு முறை போட்டு, அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்த ஷூ. நாலைந்து வருஷம் கழித்து மகள் கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டால், மண்டபத்து வாசலிலேயே அடி பிஸ்கட் மாதிரி உதிரும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று திட்டுவோம். அந்த அடி பாலியூரிதேன் என்ற பொருள். காற்றில் இருக்கும் ஈரம் அதைச் சிறுகச் சிறுக அரிக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் அதன் ஆயுள் கரைந்துகொண்டேதான் இருக்கும். அது அச்சில் ஊற்றி ஒட்டியது என்பதால் கழற்றி மாற்றவும் முடியாது. ஒன்று தேய்ந்தால் சரி செய்யலாம், மற்றொன்று உதிர்ந்தால் குப்பைக்குத்தான் போகும்.

மூன்றாம் சார்லஸ் மன்னர், இளவரசராக இருந்த காலத்திலிருந்தே, பல பத்தாண்டுப் பழைய ஷூவில் ஒட்டுப்போட்டுப் போடுகிறவர். ஒட்டுத் தெரிகிற ஷூவோடு அவரைப் புகைப்படங்களில் பார்க்கலாம். புதிது வாங்கப் பணமில்லாதவரா அவர்? ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்த ஷூ நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது, அதுதான் விஷயம்.

அடுத்து தோல். இங்கேதான் நம்மூர் உள்ளே வருகிறது. மாட்டுத்தோல் அழுகாமல் இருக்க வேண்டுமானால் அதைப் பதப்படுத்த வேண்டும். இங்கிலாந்தில் ஓக் மரப்பட்டையை ஊறவைத்த நீரில் தோலைப் போடுவார்கள். கனத்த அடித்தோலுக்கு ஓராண்டு வரைகூட ஆகும். நம் ஊரில் அந்த வேலையைச் செய்தது ஆவாரை. ஆமாம், பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துச் செருகுகிறோமே, ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே, அதே ஆவாரை. மழை பொய்த்த வருஷத்திலும் காயாமல் நிற்கும் செடி. அதன் பட்டையில் துவர்ப்பு அதிகம். அந்தத் துவர்ப்புதான் தோலைக் கெட்டிப்படுத்துகிறது. ஆவாரம் பட்டை நீரில் ஊறவைத்து, கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவி எடுத்த தோல், மதராஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. ‘கிழக்கிந்தியக் கிப்ஸ்’ என்று அங்கே அதற்குப் பெயர். கிப்ஸ் என்றால் நம் நாட்டுச் சிறிய மாடுகளின் தோல். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு இந்தத் தோல் மிகவும் தேவைப்பட்டதால், அரசாங்கமே அதன் வியாபாரத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. ஆக, சீமை பூட்ஸ் என்று நம் தாத்தாக்கள் வாய் பிளந்து பார்த்ததில் ஒரு பங்கு, மானாவாரி நிலத்துச் செடியும் மானாவாரி நிலத்து மாடும்.

பிறகு குரோம் உப்பு வந்தது. பட்டை நீரில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல், குரோம் கரைசலில் ஓரிரு நாளில் தயாராகிவிடும். மதராஸ் அரசாங்கத்தில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் 1903 வாக்கில் இங்கே அதைச் சோதித்துப் பார்த்தார். சென்னை குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். பிறகு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தொழில் பெருகியது. இன்றைக்கு ஐரோப்பா, அமெரிக்காவின் பெரிய பெயர்கள் போட்ட ஷூக்கள் அங்கே தைக்கப்பட்டுப் போகின்றன. தைப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பஸ் ஏறி வந்து, நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் தைப்பார்கள். அவர்கள் தைத்ததைக் குறை கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். பல நாள் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் அந்த வளர்ச்சிக்குப் பாலாறு ஒரு விலை கொடுத்தது. தோல் ஆலைகளின் கழிவு ஆற்றிலும் நிலத்தடியிலும் கலந்து, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போயிற்று. கேட்டு வழக்குப் போட்டவர்கள் யார் தெரியுமா? நம்மைப் போல ஒரு நலச் சங்கம்! வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு. ஐந்து மாவட்ட ஆலைகள் அதில் அடங்கும், நம் பக்கத்துத் திண்டுக்கல் உட்பட. தண்ணீரின் அருமை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒரு ஷூவை ஐந்து வருஷம் போடுவதற்குப் பதில் பதினைந்து வருஷம் போட்டால், ஓர் ஆற்றின் பாரம் அந்த அளவுக்குக் குறைகிறது. கணக்கு அவ்வளவுதான்.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பு. சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு பாதிப் பேச்சாகிவிடும்.

கரிசல் காட்டில் கருவேல முள்ளுக்கும் நெருஞ்சிக்கும் நடுவே வெறுங்காலோடு நடந்த ஊர் இது. பின்னால் லாரி டயரை அறுத்துச் செருப்புத் தைத்தார்கள். அதற்கும் முன்னால், கமலை இறைத்த காலத்தில், சாலின் அடியில் தும்பிக்கை மாதிரித் தொங்கும் தோல் பகுதியைத் தைத்தவர்களும் அவர்களே. அது கிழிந்தால் அன்றைக்குக் கிணற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வயலுக்கு வராது. ஊருக்கே தண்ணீர் இறைக்கத் தோல் தைத்துக் கொடுத்தவர்களுக்குச் செருப்புப் போட்டு ஊருக்குள் நடக்க உரிமை இருந்ததா? இல்லை.

1930 டிசம்பர். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்பவை அவற்றில் சில. மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதே மாதங்களில் லண்டனில் முதல் வட்டமேஜை மாநாடு நடந்துகொண்டிருந்தது. தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அம்பேத்கரும் நம் தமிழ்நாட்டின் ரெட்டைமலை சீனிவாசனும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் ஊராக அம்பேத்கர் சிலையைப் பார்க்கிறோம். கோட்டு, டை, காலில் ஷூ. செருப்புப் போடாதே என்று சொன்ன ஊர்களின் முச்சந்தியில் அந்த ஷூ நிற்கிறது. அதைவிடப் பெரிய பதில் வேறென்ன வேண்டும்?

‘இந்த வெயிலில் ஷூ எதற்கு?’ என்று கேட்டார்களே, அதற்கு என் பதில் இதுதான். இந்த ஷூ நம்மிடம் ஒட்டிக்கொண்டதற்கு வெள்ளைக்காரன் மோகம் மட்டும் காரணமில்லை. முதல் தலைமுறையாகக் காலேஜ் போய், இன்டர்வியூவுக்காகக் கடன் வாங்கி ஒரு ஜோடி கறுப்பு ஷூ வாங்கிய பையனைக் கேளுங்கள். நிமிர்ந்து நடக்க அது அவனுக்கு உதவியது. அந்த மரியாதையும் தேய்ந்தால் சரிசெய்துகொள்ளலாம் என்ற உறுதியும் சேர்ந்ததுதான் இந்த ஷூவின் ஈர்ப்பு.

இனி உபயோகமான சில விஷயங்கள். ஷூ வாங்க மாலையில் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும், சரியான அளவு அப்போதுதான் தெரியும். இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே அளவாக இருக்காது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் முன்பக்கம் இறுக்காததாக வாங்கி, போடும் முன் தினமும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலுக்கு ஒரு சின்னக் கல்லும் ஆபத்து. ஷூவின் ஓரத்தில் தையல் தெரிந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். பல ஷூக்களில் அது தையல் மாதிரி அச்சில் வார்த்த கோடு. நகத்தால் நெருடிப் பாருங்கள், நூல் என்றால் விரலுக்குத் தெரியும். ஒரே ஷூவைத் தினமும் போடாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் உள்ளே இருக்கும் வியர்வை காயும். நனைந்தால் பழைய பேப்பரைத் திணித்து நிழலில் வையுங்கள். நம்மூர் வெயிலில் காயவைத்தால் தோல் வறண்டு வெடிக்கும். மாதம் ஒருமுறை தூசியைத் துடைத்து கிரீம் பாலிஷ் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள், துணிப்பை போதும். இன்னொன்று, மாடிப்படியிலும் நடைபாதையிலும் ஷூ ரேக் வைக்கவேண்டாம் என்று செயலாளர் ஏற்கெனவே மூன்று சர்க்குலர் அனுப்பிவிட்டார். தீ விபத்து என்றால் அந்த வழியாகத்தான் ஓடவேண்டும். நான்காவது சர்க்குலருக்கு வேலை வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. நம் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். குத்தூசி, மெழுகு தடவிய நூல், இரும்புக் கால், நான்கு டப்பா பாலிஷ், ஒரு சாக்கு. அவ்வளவுதான் பட்டறை. நான் சொன்ன வெல்ட் ஷூவுக்கு அவர் கையாலேயே புது அடி தைத்துத் தருவார். தரம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தையல் சுத்தம். இரண்டு சக்கர வாகனம் நிறுத்த இடம் போதவில்லை, அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லவேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்பது உண்மை. எனக்கும் ஒரு வண்டி இருக்கிறது.

ஆனால் அவர் உட்கார ஆறுக்கு நான்கு அடி போதும். இரண்டு வண்டி நிற்கும் இடம். காவலர் அறைக்குப் பக்கத்துச் சுவரோரம் ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தால் அவருக்கும் நிழல், நமக்கும் இடம். தகரத்துக்கு ஆகும் செலவில் பாதியை நான் தருகிறேன். மீதியைச் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும். நார்தாம்டனில் செருப்புத் தைப்பவர் என்ற பெயரைக் கால்பந்து மைதானத்தில் கூவிக் கொண்டாடுகிறார்கள் என்று முன்பே சொன்னேன். நாம் கூவவேண்டாம், உட்கார ஓர் இடம் கொடுத்தால் போதும். ஆயிரக்கணக்கில் பணம் போட்டு ஷூ வாங்கத் தெரிந்த நமக்கு, அதன் ஆயுளைக் கூட்டுகிறவருக்கு ஒரு கொட்டகை போடவும் தெரியவேண்டும்.

பொதுக்குழு அடுத்த மாதம். அதற்குள் உங்கள் வீட்டில் ஓரம் பிரிந்தோ அடி தேய்ந்தோ ஒரு ஜோடி கிடக்கும், எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுங்கள். அவர் தைப்பதைப் பத்து நிமிஷம் பக்கத்தில் நின்று பாருங்கள். அப்புறம் வந்து கையைத் தூக்குங்கள், எந்தப் பக்கம் வேண்டுமானாலும்.

டீ வந்துவிட்டது.